அடிவாரத்தில் அரை மணி நேரம்



சின்னக் குழந்தை இருக்கிற வீட்டார் ஒருநாள் வெளியே போய்வருவது பற்றியும், போன இடத்தில் சாப்பிடுவது பற்றியும் இன்று உங்களோடு பேசப் போகிறேன். தூரத்து ஊர்களைத் தேடிப் போக வேண்டாம். நமக்குப் பழக்கமான ஏற்காடு இருக்கிறது. ஏற்காட்டுக்கும் கீழே, மலையேற்றம் தொடங்குகிற அடிவாரம் இருக்கிறது. அந்த இடத்தை வைத்தே பேசலாம்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற எல்லோரும் அடிவாரத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். இறங்கி நிற்பவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் கார்களும் வேன்களும் பைக்குகளும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போகும். 'கூட்டம் சேர்றதுக்குள்ள மேல போயிடணும்' என்கிற அவசரம். ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில் என்று வரிசையாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். பின்சீட்டில் ஒரு குழந்தை இருக்கும். அதற்கு அந்தப் பெயர்களில் ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது பசி, தூக்கம், அம்மா மடி. இந்த மூன்றும்தான் அந்த நாளை நடத்தப் போகின்றன.

நான் சொல்ல வந்தது இதுதான். சின்னக் குழந்தை கூட வருகிற நாளில் அடிவாரத்தில் வண்டியை நிறுத்துங்கள். இறங்குங்கள். அரை மணி நேரம் குழந்தையைப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். மேலே போவதா, இன்றைக்குக் கீழேயே பொழுதைப் போக்கிவிட்டு வீடு திரும்புவதா என்பதைக் குழந்தையின் முகம் சொல்லும்.

இதற்குக் காரணம் மலையில் இருக்கிறது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மணி நேரத்துக்குள் 1,200 மீட்டர் ஏறிவிடுகிறோம். பெரியவர்களுக்கே காது அடைக்கிறது என்றால் குழந்தைக்கு எப்படி இருக்கும்?

மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. செவிப்பறைக்கு உள்ளே இருக்கிற காற்று சமமாக வேண்டும். அதற்குத் தொண்டையிலிருந்து காதுக்குப் போகிற சின்னக் குழாய் திறக்க வேண்டும். எச்சில் விழுங்கும்போது அது திறக்கும். நமக்கு அது தெரியும், விழுங்கிக்கொள்கிறோம். குழந்தை அழுகிறது. ஆகவே கைக்குழந்தையாக இருந்தால் வழியில் எங்காவது ஓரமாக நிறுத்திப் பால் கொடுங்கள். கொஞ்சம் பெரிய குழந்தை என்றால் ஒரு மடக்கு, ஒரு மடக்காகத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஏறும்போது வருகிற காதடைப்பைவிட இறங்கும்போது வருவது அதிகம். மாலையில் திரும்பும்போது குழந்தை அசந்து தூங்கிவிடும், தூக்கத்தில் விழுங்குவது குறையும். பாதி மலை இறங்கியதும் குழந்தை திடீரென்று வீறிட்டு அழுதால் அது பிடிவாதம் இல்லை, காது வலியாக இருக்கலாம். அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். தண்ணீர் கொடுங்கள்.

அடுத்தது வாந்தி. வண்டி வளைந்து வளைந்து போவதைக் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு உணர்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. உடம்பு ஆடுகிறது என்று காது சொல்கிறது, ஆடவில்லை என்று கண் சொல்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. 2 வயதுக்குள் இருக்கிற குழந்தைகளுக்கு இது அதிகம் வராது. 2 வயதிலிருந்து 12 வயதுவரை உள்ளவர்களைத்தான் அதிகம் பாடுபடுத்தும். மலையேறுவதற்குச் சற்று முன் ஒரு டம்ளர் பால் கொடுத்தால் நாலைந்து வளைவுக்குள் அது வெளியே வந்துவிடும். வெறும் வயிறும் ஆகாது. ஒரு மணி நேரம் முன்னதாக இரண்டு இட்லி கொடுத்தால் போதும். ஏறும்போது கையில் போனைக் கொடுக்காதீர்கள். ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் தெரிகிற மலையைக் காட்டுங்கள். கண்ணாடியை இறக்கிக் காற்று வர விடுங்கள். வாந்தி மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வார்த்தை, வண்டி ஓட்டுபவர்களுக்கு. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவது நம்மிடம் சாதாரணமாகிவிட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம், மீறினால் 1,000 ரூபாய் அபராதம். பைக்கில் போகிறவர்களுக்கும் விதி வந்திருக்கிறது. 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டுகிற பாதுகாப்புப் பட்டை வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அபராதத்துக்காகச் செய்ய வேண்டாம். அந்த வளைவுகளில் ஒருமுறை பிரேக் போட்டாலே மடியில் இருக்கிற குழந்தை நம் கையில் நிற்காது. பஸ்ஸில் போகலாம் என்றால் நல்லதுதான். அரசுப் பேருந்தில் 5 வயது வரை குழந்தைக்கு டிக்கெட் கிடையாது என்று 2022-ல் அரசு அறிவித்தது. முன்பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள், குலுக்கல் குறையும்.

சரி, அடிவாரத்தில் இறங்கிப் பார்த்தோம். குழந்தை சோர்ந்திருக்கிறது. உடம்பு லேசாகச் சுடுகிறது. அல்லது விடியற்காலையில் எழுப்பியதால் சிணுங்கிக்கொண்டே இருக்கிறது. மேலே போக வேண்டாம் என்று முடிவு செய்தால் அந்த நாள் வீணா? இல்லை.

பக்கத்திலேயே குரும்பப்பட்டி வன உயிரியல் பூங்கா இருக்கிறது. 1981-ல் தொடங்கியது, வனத்துறையின் பராமரிப்பில் இருக்கிறது. வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். புள்ளிமான், கடமான், மயில் எல்லாம் பார்க்கலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு லேடீஸ் சீட்டிலிருந்து தெரிகிற சேலத்துக் காட்சி ஒன்றும் சொல்லாது. அவ்வளவு தூரத்துப் பொருளை ரசிக்கிற வயது அது இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு மான் நின்று இலை தின்றால் அதை விட்டு நகரவே நகராது. 'மான் சாப்புடுது, நீயும் சாப்புடு' என்று நாலு வாய் சோறு உள்ளே போகும். மரநிழல் இருக்கிறது, நடக்க இடம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூட இல்லாமல் ஒரு குழந்தை முழுசாகச் சந்தோஷப்படுகிற இடம் அது.

தாத்தா பாட்டியும் கூட வந்திருந்தால் அவர்களுக்கும் வழியிலேயே ஓர் இடம் உண்டு. சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் நடத்திய ஸ்டூடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் இந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் வந்ததும் இங்கிருந்துதான். அந்த வளைவின் முன்னால் நின்று தாத்தா ஒரு கதை சொல்வார், எம்.ஜி.ஆரைப் பற்றிச் சொல்வார். பேரனுக்குப் பாதி புரியாது. ஆனால் தாத்தாவின் குரலில் இருக்கிற உற்சாகம் புரியும். குடும்பமாகப் போவதில் ஒவ்வொருவருக்கும் பிடித்தது ஒன்றாவது இருக்க வேண்டும்.

இப்போது, குழந்தை தெம்பாக இருக்கிறது, மேலே போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேலே போய் எதைப் பார்ப்பது? ஒன்றைப் பாருங்கள். மிஞ்சிப்போனால் இரண்டு. ஏரியையும் அதை ஒட்டியிருக்கிற அண்ணா பூங்காவையும் பார்த்தால் ஒரு சின்னக் குழந்தைக்கு அந்த நாள் நிறைந்துவிடும். கிளியூர் அருவிக்குச் செங்குத்தாகப் படியிறங்கிப் பிறகு மூச்சு வாங்க ஏற வேண்டும். தோளில் குழந்தையோடு அது வேண்டாம், குழந்தை வளரட்டும். படகில் போனால் குழந்தையின் அளவுக்கு உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர் சட்டையைச் சுற்றிக் கட்டினால் தண்ணீரில் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். அளவு இல்லையென்றால் கரையில் உட்கார்ந்து படகுகளைப் பார்த்தாலே போதும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குளிர் கூடும். சேலத்தில் வேர்க்க வேர்க்கக் கிளம்பியிருப்போம், சாயங்காலம் ஏரிக்கரையில் குழந்தையின் கை சில்லிட்டுப் போகும். ஒரு ஸ்வெட்டர், ஒரு குல்லா, இரண்டு செட் மாற்றுத்துணி, ஒரு பழைய துண்டு. இவை பையின் அடியில் இருக்கக் கூடாது, கைக்கு எட்டும்படி மேலாக இருக்க வேண்டும்.

வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். குழந்தைக்கு அதுதான் பெரிய வேடிக்கை. காருக்குள் இருந்து காட்டுங்கள். கையில் பிஸ்கட்டோடு இறக்கி விடாதீர்கள், குரங்குக்குத் தீனி போடவும் கற்றுக்கொடுக்காதீர்கள். தீனி கண்ட குரங்கு அடுத்த குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். குழந்தையோடு வெளியே போகிற நாளில் பாதிப் பிரச்சினை நேரத்தால் வருகிறது. நாம் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு மணிக்கு ஓட்டலைத் தேடுகிறோம். அப்போது ஊரே சாப்பிட வந்திருக்கும். மேஜைக்குக் காத்திருந்து, இலை விழக் காத்திருந்து, சோறு வருவதற்குள் குழந்தை அழுது ஓய்ந்து தூங்கியே போயிருக்கும். பதினொன்றரை மணிக்கே ஓட்டலுக்குப் போய்விடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய சோறு சூடாக இருக்கும், மேஜைகள் காலியாக இருக்கும், பரிமாறுகிறவருக்கும் நம்மோடு பேச நேரம் இருக்கும். 'குழந்தைக்குக் காரமில்லாம என்ன இருக்குங்க?' என்று கேட்டால் ஒரு வெறும் தோசை, கொஞ்சம் ரசம், கட்டித் தயிர் என்று அவரே வழி சொல்லுவார்.

ஒரு வேளைக்கு வீட்டுச் சாப்பாடு கையில் இருப்பது நல்லது. தயிர்சாதம் கட்டுகிறவர்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் செய்த மாதிரி செய்யுங்கள். சோற்றைக் குழையப் பிசைந்து, காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்துக் கட்டினால் மதியம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். பெரியவர்களுக்குப் புளிசாதம். குடிக்கக் காய்ச்சி ஆறிய தண்ணீர். சோறு கட்டியதிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள், வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சேலத்துக்கு வந்து தட்டுவடை செட் சாப்பிடாமல் போகக் கூடாது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி தடவி, துருவிய காரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்துத் தருவார்கள். பெரியவர்கள் ஆசையாகச் சாப்பிடுங்கள். குழந்தைக்கு அந்தக் காரட் துருவலை மட்டும் சட்னி படாமல் கேட்டு வாங்கி ஊட்டுங்கள். தட்டுவடை சில்லுச் சில்லாக உடைகிற பண்டம், பல் முழுசாக முளைக்காத குழந்தைக்கு வேண்டாம். மேலே ஏரிப் பக்கம் விற்கிற வறுத்த கடலையும் அப்படித்தான். முழுக் கடலை, பாப்கார்ன், முழுத் திராட்சை இவை மூச்சுக்குழாயில் போய் அடைக்கக் கூடியவை. நாலு வயது தாண்டும்வரை கொடுக்காமல் இருப்பதே நல்லது. திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுக்கலாம். ஓடுகிற வண்டியில் எதையும் மென்று தின்னக் கொடுக்காதீர்கள்.

ஓட்டலில் உட்கார்ந்ததும் குழந்தையின் கையில் போனைக் கொடுத்துவிடுகிறோம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் நிம்மதி வேண்டும், அது நியாயம். ஆனாலும் சொல்கிறேன். 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பரிந்துரைத்தது. போனைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிற குழந்தைக்கு வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை, என்ன சாப்பிட்டோம் என்பதும் தெரிவதில்லை. ஓட்டலில் பார்க்க எத்தனை இருக்கிறது! இலை போடுகிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள், ஒருவர் வாளியோடு வருகிறார், பக்கத்து மேஜையில் இன்னொரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. 'அண்ணன்கிட்ட நீயே தயிர் கேளு' என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை அம்மாவின் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் கேட்கும். அறிமுகமில்லாத ஒருவரிடம் மரியாதையாக ஒன்றைக் கேட்டு வாங்குவதைக் குழந்தை இப்படித்தான் பழகுகிறது. இதைச் சொல்லிக்கொடுக்க வீட்டைவிட ஓட்டல்தான் நல்ல இடம். ஒன்றில் மட்டும் கவனம். கொதிக்கிற சாம்பாரும் காபி டம்ளரும் குழந்தையின் கைக்கு எட்டாமல் மேஜை நடுவே இருக்கட்டும்.

ஓட்டல் நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஜப்பானில் 1930-ல், பொருளாதாரம் சரிந்து மக்கள் கஷ்டப்பட்ட காலத்தில், டோக்கியோவில் மிட்சுகோஷி என்கிற பெரிய அங்காடியின் உணவகத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு தட்டு தயாரித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல பண்டங்கள், நடுவே மலைபோலக் குவித்த சோறு, சோற்று மலையின் உச்சியில் ஒரு சின்னக் கொடி. அது அந்த நாடு முழுவதும் பரவியது, இன்றும் இருக்கிறது. ஒரு மலையைத் தட்டில் வைத்து அவர்கள் குழந்தைகளைச் சந்தோஷப்படுத்தினார்கள். நிஜமான மலையையே பக்கத்தில் வைத்திருக்கிற சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இது முடியாதா? இரண்டு சின்ன இட்லி, நெய் விட்ட பருப்புசாதம் ஒரு கரண்டி, மிளகாய் போடாத பொரியல், அரை வாழைப்பழம். சமையற்கட்டில் ஏற்கெனவே இருக்கிற பண்டங்கள்தான். பெரியவர் சாப்பாட்டு விலையை வாங்காமல், குழந்தை சாப்பிடுகிற அளவுக்கு ஒரு விலை வைத்தால் எத்தனையோ குடும்பங்கள் உங்களைத் தேடி வரும்.

கூடவே ஒரு மறைவான மூலையும் வேண்டும். 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல காரியம் அது. பேருந்து நிலையத்தோடு அது நின்றுவிடக் கூடாது. மலைக்கு வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனையோ பேர் பாலூட்டுகிற தாய்மார்கள். காருக்குள் ஜன்னலுக்குத் துண்டைத் தொங்கவிட்டு, புழுக்கத்தில் பால் கொடுக்கிறார்கள். ஓட்டலில் ஒரு திரை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி போதும். குழந்தைக்குத் துணி மாற்றச் சுத்தமான பலகை ஒன்று போட்டால் அந்தக் கடையை அம்மாக்கள் மறக்கவே மாட்டார்கள்.

கடைசியாக, அம்மாக்களைப் பற்றியே சொல்ல வேண்டும். இந்தப் பேச்சில் எனக்கு மிக முக்கியமான பகுதி இது.

ஏற்காடு போகிறோம் என்றால் வீட்டில் முதலில் எழுந்திருக்கிறவர் யார்? நாலு மணிக்கு எழுந்து புளிசாதம் கிளறி, தயிர்சாதம் பிசைந்து, பால் காய்ச்சி, துணி எடுத்துவைத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, எல்லோரும் காரில் ஏறிய பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவருகிறவர் அவர். ஓட்டலிலும் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருப்பவர் அவர். எல்லோரும் கை கழுவிவிட்டு வரும்போது அவர் இலையில் சோறு ஆறிப்போயிருக்கும், அப்பளம் நமுத்துப்போயிருக்கும். 'சீக்கிரம் சாப்புடு, நேரமாகுது' என்று வேறு சொல்லுகிறோம். அந்த ஒருநாள் வீட்டில் எல்லோருக்கும் ஓய்வு, அவருக்கு மட்டும் இடம் மாறிய வேலை.

அப்பாக்களே, இதை மாற்றுவது கடினம் இல்லை. ஓட்டலில் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இலை குழந்தையின் அம்மாவுக்கு. அவர் சூடாக, நிதானமாக, இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிடட்டும். அதுவரை குழந்தைக்கு நீங்கள் ஊட்டுங்கள், வாசலில் நின்று பஸ் காட்டுங்கள். பாட்டி தாத்தா வந்திருந்தால் அவர்களும் ஒரு கை கொடுப்பார்கள். கட்டுச்சோறு வேண்டுமென்றால் முந்தின இரவே சேர்ந்து வேலையை முடியுங்கள். மாமியாரோ நாத்தனாரோ 'அவளுக்கு என்ன அவசரம்' என்று சொன்னால், 'இன்னைக்கு அவ முதல்ல சாப்புடட்டும்மா' என்று மகன் சொல்ல வேண்டும். மகன் வாயால் வருகிற அந்த ஒரு வார்த்தைக்கு வீட்டில் பெரிய மதிப்பு உண்டு.

இதைச் செய்ய நேரம் வேண்டும். ஆறு இடம் பார்க்கிற நாளில் அந்த நேரம் கிடைக்காது. அதனால்தான் ஒன்றைப் பாருங்கள், அடிவாரத்தில் நின்று முடிவு செய்யுங்கள் என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். இடத்தைக் குறைத்தால் குழந்தை அழாது. குழந்தை அழாவிட்டால் அம்மா நிம்மதியாகச் சாப்பிடுவார். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை எங்கேயும் போய்விடாது. குழந்தைக்கு ஏழெட்டு வயது ஆனதும் மிச்சம் இருக்கிற இடங்களை அதுவே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக இருந்தால், இன்று இரவு வீட்டில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். எங்கே போகலாம் என்ற கேள்வி பிறகு இருக்கட்டும். 'உனக்கு என்ன சாப்பிடணும்னு இருக்கு?' என்று குழந்தையின் அம்மாவைக் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை வைத்து அந்த நாளின் திட்டத்தைப் போடுங்கள்.